உயர் நீதிமன்றம் என்பது என்ன? அதன் நீதியரசர்களை யார் தெரிவு செய்கிறார்கள்?



2024ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் ஒரே பேச்சுத்தான். "ஆயிரத்து எழுநூறுக்குக் கோர்ட்டுல தடை போட்டுட்டாங்களாமே, ஐயா?" என்று கேட்காத ஆள் இல்லை. எந்தக் கோர்ட்டு என்று திருப்பிக் கேட்டால் ஒருவர் ஹட்டன் கோர்ட்டு என்பார், இன்னொருவர் தொழில் நியாயசபை என்பார். பாராளுமன்றம்தான் தடை போட்டது என்று சத்தியம் பண்ணியவரும் உண்டு. தடை போட்டது கொழும்பு புதுக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றம். இந்த நாட்டின் கடைசி நீதிமன்றம் அதுதான். அதற்கு மேலே போய் முறையிட வேறு இடம் கிடையாது.

அந்தக் கதையையே முதலில் பார்ப்போம். நாட் சம்பளம் 1,700 ரூபா என்று தொழில் அமைச்சு வர்த்தமானியில் போட்டது. தோட்டக் கம்பனிகள் அதை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. அங்கே இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. உடனே உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், அங்கே கிடைத்தது. இடைக்காலத் தடை என்றால் தீர்ப்பு இல்லை, இதை நல்லா விளங்கிக்கொள்ள வேணும். "வழக்கை விசாரித்து முடிக்கும்வரை இதை நடைமுறைப்படுத்தாமல் நிறுத்தி வை" என்பதுதான் அதன் பொருள். யார் சரி, யார் பிழை என்று நீதிமன்றம் அப்போது சொல்லவில்லை. பிறகு அதே ஆண்டின் பிற்பகுதியில் சம்பளச் சபை வழியாக 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் என்று முடிவானது. ஆனாலும் ஒரு நாள் உத்தரவு லட்சக்கணக்கான குடும்பத்தின் அடுப்பைத் தொட்டதா இல்லையா? அப்படிப்பட்ட இடத்தில் யார் உட்காருகிறார்கள், அவர்களை யார் உட்கார வைக்கிறார்கள் என்று நாம் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். திருச்சியிலும் மதுரையிலும் சொந்தக்காரர் உள்ளவர்கள் இந்தியத் தமிழ்ப் பத்திரிகை பார்த்திருப்பீர்கள். அங்கே 'உயர் நீதிமன்றம்' என்றால் சென்னையில் இருக்கும் மாநிலக் கோர்ட்டு. அதற்கு மேலே டில்லியில் 'உச்ச நீதிமன்றம்' இருக்கிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. இங்கே உயர் நீதிமன்றம்தான் உச்சி. அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம். அதற்கும் கீழே மேல் நீதிமன்றங்கள், மாவட்ட நீதிமன்றங்கள், நீதவான் நீதிமன்றங்கள். உயர், மேல் என்ற இரண்டு சொல்லும் ஒன்றுபோலக் கேட்பதால் படித்தவர்களே தடுமாறுகிறார்கள்.

வேலையால் நிறுத்தப்பட்ட ஒரு தொழிலாளியின் வழக்கு எப்படி மேலே ஏறுகிறது என்று பாருங்கள். முதலில் தொழில் நியாயசபை. அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மாகாண மேல் நீதிமன்றம். அதுவும் பிடிக்காவிட்டால் உயர் நீதிமன்றம். கடைசிப் படிக்குக் கம்பனிதான் போகும் என்று நினைக்க வேண்டாம், தொழிலாளியும் போகலாம். ஆனால் அங்கே போனவுடன் வழக்கை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதிலே சட்டப் பிரச்சினை ஒன்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுமதி கொடுப்பார்கள். காணி வழக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான்: மாவட்ட நீதிமன்றம், பிறகு மாகாணத்தில் குடியியல் மேன்முறையீடு கேட்கும் மேல் நீதிமன்றம், பிறகு அனுமதி கிடைத்தால் உயர் நீதிமன்றம்.

இந்த நீதிமன்றத்துக்கு வயது இருநூறுக்கு மேல். வெள்ளைக்காரர் 1801ஆம் ஆண்டு நீதிச் சாசனம் ஒன்றினால் இதை அமைத்தார்கள். முதல் பிரதம நீதியரசர் கொட்ரிங்டன் கரிங்டன் என்ற ஆங்கிலேயர். அந்தக் காலத்தில் நீதியரசர்கள் கொழும்பிலேயே இருந்துவிடவில்லை. கண்டி, காலி, யாழ்ப்பாணம் என்று ஊர் ஊராகச் சுற்றுலா வந்து கொலை போன்ற பெரிய வழக்குகளை யூரி வைத்து விசாரித்தார்கள். எங்கட ஊர்ப் பக்கம் பழைய ஆட்கள் 'சுப்பிறீம் கோடு வந்திட்டுது' என்று ஊருக்குத் தேர் வந்ததுபோலச் சொல்லுவார்கள். 1974இல் மேல் நீதிமன்றங்கள் வந்த பிறகு அந்தச் சுற்றுலா நின்றுபோனது. இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் மேல் நீதிமன்றம் இருக்கிறது, மலைநாட்டிலும் இருக்கிறது. உயர் நீதிமன்றம் மட்டும் கொழும்பில்தான்.

1971 வரை உயர் நீதிமன்றத்துக்கு மேலேயும் ஒன்று இருந்தது. லண்டனில் கோமறைக் கழகம், அதாவது பிரிவிக் கவுன்சில். அந்த ஆண்டோடு அங்கே போவது நிறுத்தப்பட்டது. இப்போதிருக்கும் அமைப்பு 1978 அரசியலமைப்பில் வந்தது.

நம்மைத் தொட்ட இரண்டு பழைய வழக்கு

1936இல் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் அவுஸ்திரேலியாவில் இருந்து தோட்டத் தொழில் பழக வந்தார். மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் கிரீப்பர், அதாவது துரை வேலை பழகுகிறவர். துரை வேலை பழக வந்தவர் தொழிலாளி பக்கம் பேசத் தொடங்கினால் விடுவார்களா? வேலை போனது. அவர் சமசமாஜக் கட்சியோடு சேர்ந்து மேடையேறினார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் துரைமாரை வெளிப்படையாகவே தாக்கிப் பேசினார். தோட்டக்காரர்கள் கொதித்தார்கள். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவு போட்டார். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார், பிறகு பிடிபட்டார்.

அவருக்காக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. ஆளைப் பிடித்து வைத்திருப்பவர் அந்த ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி, எந்தச் சட்டப்படி பிடித்தோம் என்று காரணம் காட்ட வேண்டும் என்பதே அந்த மனு. சட்டத்தரணி எச். வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் சிட்னி ஏப்ரகாம்சும் இன்னும் இரண்டு நீதியரசர்களும் கேட்டார்கள். ஆளுநர் காட்டிய சட்டம் அவசர நிலைமைக்காக ஆனது, மேடையில் பேசிய ஒருவரைக் கடத்த அதைப் பாவிக்க முடியாது என்று சொல்லி விடுதலை செய்தார்கள். பாருங்கள், அந்த நீதியரசர்களை நியமித்ததும் வெள்ளைக்கார அரசு, ஆளுநரை அனுப்பியதும் அதே அரசு. இருந்தும் ஆளுநருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

மற்றது நமக்குக் கசப்பான வழக்கு. 1947 தேர்தலில் நம் பெரியவர்களுக்கு வாக்கு இருந்தது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனம் எடுத்தது. 1948 பிரசாவுரிமைச் சட்டமும் 1949இல் வந்த சட்டங்களும் அந்த வாக்கைப் பறித்துவிட்டன. கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தொகுதியில் கோடகன் பிள்ளை என்ற இந்திய வம்சாவளியினர் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும்படி கேட்டார். பதிவு செய்யும் அதிகாரி முதன்னாயக்க மறுத்தார். இடாப்பைத் திருத்தும் அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம் கோடகன் பிள்ளை பக்கம் தீர்ப்புச் சொன்னார். எந்த ஒரு சமூகத்துக்கும் மற்றச் சமூகத்துக்கு இல்லாத இடைஞ்சலைச் சட்டம் போட்டு ஏற்படுத்தக் கூடாது என்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. இந்தச் சட்டங்கள் அதை மீறுகின்றன என்பது அவர் முடிவு.

உயர் நீதிமன்றம் 1951இல் அந்த முடிவைத் தள்ளிவிட்டது. லண்டன் கோமறைக் கழகமும் 1953இல் அதையே உறுதி செய்தது. சட்டத்தில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதியிருக்கவில்லை, யார் தன் பிரசை என்று தீர்மானிக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு என்றார்கள். எழுத்தில் பெயர் இல்லைத்தான். யார் தலையில் விழுந்தது என்பது லயத்துப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் காயம் முழுதாக மூட 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டி வந்தது. ஐம்பத்தைந்து வருசம்! ஆளுநருக்கே இல்லை என்று சொன்ன அதே நீதிமன்றம், பாராளுமன்றம் போட்ட சட்டத்துக்கு முன்னால் அப்படிச் சொல்லவில்லை. சட்டத்தின் ஒரு வரியை விரித்து வாசிப்பதா, சுருக்கி வாசிப்பதா என்பதில் நீதியரசரின் மனப்போக்கும் இருக்கிறது. ஆகவேதான் யார் அந்தக் கதிரையில் இருக்கிறார் என்ற கேள்வி சின்னக் கேள்வி இல்லை.

கதிரைக்கு வரும் வழி

பிரதம நீதியரசரோடு சேர்த்து அதிகபட்சம் 17 பேர் உயர் நீதிமன்றத்தில் இருக்கலாம். 2020வரை இது 11 ஆக இருந்தது. வழக்கு மலைபோலக் குவிந்ததால் 20ஆம் திருத்தத்தில் கூட்டினார்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒவ்வொரு வழக்கையும் கேட்பதில்லை. சாதாரணமாக மூன்று பேர் கொண்ட குழு கேட்கும். நாட்டுக்கே முக்கியமான வழக்கு என்றால் ஐந்து பேர் அல்லது அதற்கும் கூடப் போடும்படி பிரதம நீதியரசர் சொல்லலாம்.

உயர் நீதிமன்ற நீதியரசராவதற்கு இன்ன படிப்பு, இத்தனை வருச அனுபவம் என்று அரசியலமைப்பில் எழுதி வைக்கவில்லை. கேட்க ஆச்சரியமாக இருக்கும். ஒரு கணக்கப்பிள்ளை வேலைக்குக் கூடத் தகுதி போடுகிறோம். ஆனால் நடைமுறையில் மூன்று வழியால்தான் ஆட்கள் வருகிறார்கள். நீதவானாகத் தொடங்கி மாவட்டம், மேல், மேன்முறையீடு என்று படிப்படியாக ஏறி வருபவர்கள் ஒரு பகுதி. அரசுக்காக வழக்காடும் சட்டமா அதிபர் திணைக்களத்தில் இருந்து வருபவர்கள் இன்னொரு பகுதி. தனியாகத் தொழில் செய்யும் சட்டத்தரணிகள், சட்டம் படிப்பித்தவர்கள் எப்போதாவது ஒருவர்.

நியமிப்பவர் ஜனாதிபதி. 1978இல் இருந்து 2001 வரை அவர் தன் விருப்பப்படியே நியமிக்கலாம், யாரிடமும் சம்மதம் கேட்கத் தேவையில்லை. 1999இல் மூத்த நீதியரசர் மார்க் பெர்னாண்டோ இருக்கத்தக்கதாகச் சட்டமா அதிபராக இருந்த சரத் என். சில்வா பிரதம நீதியரசராக ஆக்கப்பட்டபோது சட்டத்தரணிகள் மத்தியில் பெரிய சலசலப்பு. ஜனாதிபதி செய்ததில் சட்டப் பிழை இல்லை. சட்டமே அப்படித்தான் இருந்தது.

அதன் பிறகு நடந்தது ஊஞ்சல் ஆட்டம் மாதிரி. 2001இல் 17ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவை என்று ஒன்றை உண்டாக்கி, அதன் அங்கீகாரம் இல்லாமல் நியமிக்கக் கூடாது என்றது. 2010இல் 18ஆம் திருத்தம் அதைக் கலைத்தது. ஒரு பாராளுமன்றச் சபையிடம் அபிப்பிராயம் கேட்டால் போதும், கேட்டபடி நடக்க வேண்டும் என்றில்லை. 2015இல் 19ஆம் திருத்தம் பேரவையைத் திருப்பிக் கொண்டுவந்தது. 2020இல் 20ஆம் திருத்தம் மறுபடி எடுத்துவிட்டது. 2022 ஒக்டோபரில் 21ஆம் திருத்தம் மறுபடி கொண்டுவந்தது. யார் ஆட்சிக்கு வந்தாலும் முதலில் கை வைப்பது இந்த இடத்திலேதான் என்பதைக் கவனியுங்கள்.

இப்போதுள்ள முறை இது. ஜனாதிபதி ஒரு பெயரைப் பேரவைக்கு அனுப்புகிறார். பேரவையில் பத்துப் பேர். சபாநாயகர்தான் தலைவர். பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் பதவியால் உறுப்பினர்கள். மற்றவர்களில் நான்கு பேர் எம்.பி.மார், மூன்று பேர் பாராளுமன்றத்துக்கு வெளியே உள்ள மதிப்பானவர்கள். நீதியரசர் நியமனம் என்றால் பேரவை பிரதம நீதியரசரின் கருத்தையும் கேட்க வேண்டும். பேரவை சரி என்றால்தான் ஜனாதிபதி நியமிக்கலாம். இல்லை என்றால் வேறு பெயர் அனுப்ப வேண்டும். பத்தில் ஏழு அரசியல்வாதி என்பது எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. ஆனாலும் ஒரே ஆளின் கையில் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே மேசையில் இருந்து ஒரு பெயரைப் பார்க்கின்றன.

கீழ் நீதிமன்றங்களில் உள்ள நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நியமிப்பது, மாற்றுவது, ஒழுக்காற்று நடவடிக்கை எடுப்பது நீதிச் சேவை ஆணைக்குழு. அதன் தலைவர் பிரதம நீதியரசரே. ஆகவே உச்சியில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பது உங்கள் ஊர் நீதவான் கோர்ட்டு வரைக்கும் வந்து சேரும்.

மற்ற நாடுகளில் வேறு மாதிரி. இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் சிலர் 'கொலீஜியம்' என்று கூடி, யார் வர வேண்டும் என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள். அரசாங்கத்துக்கும் அதில் பங்கு வேண்டும் என்று 2014இல் போட்ட சட்டத்தை 2015இல் அந்த நீதிமன்றமே செல்லாது என்றுவிட்டது. அமெரிக்காவில் ஜனாதிபதி பெயர் சொல்ல, செனற் சபை பகிரங்கமாகக் குறுக்குக் கேள்வி கேட்டு வாக்கெடுக்கிறது. வந்தவர் விரும்பினால் ஆயுள்வரை இருக்கலாம். அங்கே சில மாநிலங்களில் நீதிபதியைச் சனங்களே வாக்குப் போட்டுத் தெரிகிறார்கள். போஸ்டர் ஒட்டி வாக்குக் கேட்கும் நீதிபதியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் அவர்களுக்கு அது பழகிப்போய்விட்டது.

நம் நாட்டில் உயர் நீதிமன்ற நீதியரசருக்கு ஓய்வு வயது 65. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 63, மேல் நீதிமன்றத்தில் 61. பதவியில் இருக்கும்போது அவர்களின் சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஓய்வு பெற்ற பிறகு ஜனாதிபதியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் சட்டத்தரணியாக மன்றில் தோன்றவும் முடியாது.

இடையில் நீக்கலாமா? நீக்கலாம், ஆனால் நிரூபிக்கப்பட்ட துர்நடத்தை அல்லது இயலாமை இருக்க வேண்டும். பாராளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாக்களிக்க வேண்டும், அதன் பிறகு ஜனாதிபதி உத்தரவு போட வேண்டும். இது நடந்தும் இருக்கிறது. முதல் பெண் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2011இல் வந்தார். 2013 சனவரியில் 155க்கு 49 என்ற வாக்கில் அவருக்கு எதிரான குற்றப் பிரேரணை நிறைவேறியது. விசாரித்த தெரிவுக்குழுவுக்கு அப்படி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிமன்றம் சொல்லியும் கேட்கவில்லை. மொகான் பீரிஸ் நியமிக்கப்பட்டார். 2015இல் ஆட்சி மாறியதும் அந்த நீக்கமே செல்லாது என்றார்கள். ஷிராணி பண்டாரநாயக்க சனவரி 28இல் மறுபடி வந்து கதிரையில் உட்கார்ந்தார், மறுநாளே ஓய்வு பெற்றார். ஒரு நாளுக்கு என்னத்துக்கு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. வேலையால் அநியாயமாக நிறுத்தப்பட்டு, கடைசி வருசத்தில் மீள வேலை கிடைத்த தொழிலாளியைக் கேட்டால் என்னத்துக்கு என்று சொல்லுவார்.

அவருக்குப் பின் 2015 சனவரி 30இல் பிரதம நீதியரசரானவர் கே. ஸ்ரீபவன், யாழ்ப்பாணத்தவர். சட்டமா அதிபர் திணைக்களத்தில் தொடங்கி மேன்முறையீட்டு நீதிமன்றம் வழியாக வந்தவர். 2017இல் ஓய்வு பெற்றார். அவருக்கு முன்னரும் தமிழர் இருவர் அந்தப் பதவியில் இருந்தார்கள்: 1984 முதல் 1988 வரை எஸ். சர்வானந்தா, 1991இல் கொஞ்ச நாள் எச். டி. தம்பையா. 2024 டிசம்பரில் முர்து பெர்னாண்டோ இரண்டாவது பெண் பிரதம நீதியரசரானார். அவர் ஓய்வு பெற, 2025 யூலையில் பிரீத்தி பத்மன் சூரசேன பதவியேற்றார்.

நமக்கு அது எதற்கு உதவும்?

மேன்முறையீட்டைத் தவிர அந்த நீதிமன்றத்துக்கு இன்னும் வேலை உண்டு. பாராளுமன்றத்துக்கு வரும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு ஒத்ததா என்று பார்ப்பது ஒன்று. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்து 14 நாளுக்குள் எந்தப் பிரசையும் மனுப் போடலாம். அந்த நாட்கள் போய், சட்டமூலம் நிறைவேறிச் சட்டமாகிவிட்டால் பிறகு நீதிமன்றத்தால் அதைச் செல்லாது என்று சொல்ல முடியாது. இந்தியாவில் சொல்லலாம், இங்கே முடியாது. ஆகவே நம் சங்கத் தலைவர்மார் வர்த்தமானி பார்க்கும் பழக்கத்தை விடக் கூடாது.

ஜனாதிபதியையும் இந்த நீதிமன்றம் மறித்திருக்கிறது. 2018 நவம்பரில் ஜனாதிபதி சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். இரா. சம்பந்தனும் வேறு பலரும் மனுப் போட்டார்கள். டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் கலைத்தது பிழை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர்கூட மாறுபடவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பைத் தடுக்கத் தவறியதற்காக அதே சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 சனவரியில் தீர்ப்பு வந்தது.

இவை அடிப்படை உரிமை மனுக்கள். நமக்கு மிக நெருக்கமானதும் இதுதான். அரசியலமைப்பில் உள்ள உங்கள் அடிப்படை உரிமையை அரசாங்கமோ, பொலிஸோ, அரச அதிகாரியோ மீறினால் நீங்கள் கீழ்க் கோர்ட்டு எதற்கும் போகாமல் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். வேறு நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் இல்லை.

என் ஊர்ப் பக்கத்து வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. இங்கே மாதிரிப் பீலித் தண்ணியும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் மழைத் தண்ணியைக் கிணறு வெட்டி எடுத்தால்தான் சமையல், குளிப்பு, தோட்டம் எல்லாம். சுன்னாகத்தில் கிணற்றுக்குள் எண்ணெய் மிதக்கத் தொடங்கியது. வாளியை இழுத்தால் மேலே பளபள என்று படலம், வாயில் வைக்க முடியாத மணம். அங்கே எண்ணெயில் மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று இருந்தது. 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடப்பட்டது. போட்டவர் சுன்னாகத்துக்காரர் அல்ல, தெற்கில் சுற்றாடலுக்காக வேலை செய்யும் ஒருவர். கம்பனி தனியார்தான். ஆனால் அதற்கு அனுமதி கொடுத்து மேற்பார்வை பார்க்க வேண்டிய அரச நிறுவனங்கள் கடமையில் தவறியதும் வழக்கில் வந்தது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு. மின் நிலையத்தை நடத்திய நோர்தேர்ன் பவர் கம்பனி அந்தப் பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றார்கள். பாழாக்கியவனே செலவைக் கட்ட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

ஆனால் காலத்தைப் பாருங்கள். அடிப்படை உரிமை மனுவை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. சுன்னாகத்துக்கு நாலு வருசம் ஆனது. உயிர்த்த ஞாயிறு வழக்குக்கும் கிட்டத்தட்ட அப்படியே. விவாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும், நம் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பவர் சொல்வதுதான் காதில் விழும். இவை பெரிய குறைகள். நீதிமன்றத்தைப் புகழ்ந்து எழுதும்போது இதை மறைக்கக் கூடாது.

காலக்கெடு மட்டும் அவர்களுக்கு இல்லாவிட்டாலும் நமக்கு உண்டு. உரிமை மீறப்பட்ட நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இளம் பையன் ஒருவனைப் பொலிஸ் நிலையமொன்றில் வைத்து அடித்து அனுப்பியிருந்தார்கள். வீட்டார் முதலில் தலைவரிடம் போனார்கள், பிறகு பிரதேச சபை உறுப்பினரிடம், பிறகு ஒரு எம்.பி.யின் ஆளிடம். எல்லாரும் "பார்ப்போம்" என்றார்கள். என்னிடம் கடிதத்தோடு வந்தபோது மூன்றாம் மாதம். சட்டத்தரணி திகதியைப் பார்த்ததும் பைலை மூடிவிட்டார். பையனின் அம்மா, "அடிச்சது பொய்யா போயிருச்சா ஐயா?" என்று கேட்டார். அடித்தது பொய்யாகவில்லை, நாள்தான் போய்விட்டது.

அந்த ஒரு மாதத்தைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அவர்கள் விசாரிக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம் இதைச் சொல்கிறது. கண்டியிலும் பதுளையிலும் யாழ்ப்பாணத்திலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுக்கலாம், காசு வாங்க மாட்டார்கள். முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் உள்ள துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

சட்டத்தரணி வைக்கக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். பெரும்பாலும் நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலேயே அவர்களின் நிலையம் இருக்கும். வருமானத்தைக் கேட்பார்கள், சம்பளச் சீட்டைக் கொண்டுபோனால் நல்லது. வசதியில்லாத ஒருவர் எழுதும் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொள்ள உயர் நீதிமன்றத்தின் 1990ஆம் ஆண்டு விதிகளில் இடம் உண்டு.

ஒன்றைக் கலந்துகொள்ள வேண்டாம். உங்கள் தோட்டம் தனியார் கம்பனியின் கையில் என்றால், செக்ரோலில் பேர் போடவில்லை, கொழுந்து நிறையில் வெட்டு, வேலை நிறுத்தம், சேவைக்காலப் பணம் போன்ற பிணக்குகள் அடிப்படை உரிமை மனுவில் வராது. அவை தொழில் திணைக்களத்துக்கும் தொழில் நியாயசபைக்கும் உரியவை. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் தோட்டங்களில் இருப்பவர்கள் மட்டும், எதிர்த்தரப்பு அரச நிறுவனம் என்பதால், இரண்டு வழியையும் சட்டத்தரணியிடம் கேட்டுப் பார்க்கலாம். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பாடசாலை அனுமதி, அரச வேலை, பொலிஸ் ஆகியவற்றில் பாகுபாடோ கொடுமையோ நடந்தால் எந்தத் தோட்டமாக இருந்தாலும் அது அடிப்படை உரிமைப் பக்கம்.

விபரம் வேண்டியவர்கள் கிழமை நாட்களில் நலன்புரி அலுவலகத்துக்கு வரலாம். வரும்போது சம்பவம் நடந்த திகதியை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள், முதலில் அதைத்தான் கேட்பேன்.